ஒரே ரூம், பக்கத்து பக்கத்து கட்டில், எனக்கு மட்டும் மூணு தடவை மலேரியா. வேர்வைதான் காரணமா?

கிசுமு_கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கென்யாவுல கிசுமுல வேலை பாக்குறேன், விக்டோரியா ஏரிக்கரை ஊரு, வந்து நாலு வருஷம் ஆச்சு. இந்த நாலு வருஷத்துல மூணு தடவை மலேரியா வந்துடுச்சு, மூணாவது போன மாசம், இப்பதான் எந்திரிச்சு உக்காந்து டைப் பண்ற அளவுக்கு தெம்பு வந்திருக்கு. என்கூட ரூம்ல இருக்கிறவர் திருநெல்வேலிக்காரர். ஒரே வீடு, ஒரே சமையல், பக்கத்து பக்கத்து கட்டில், ரெண்டு பேருக்கும் கொசுவலை இருக்கு, ஆனா அவருக்கு ஒரு தடவை கூட வந்ததில்ல. சாயங்காலம் வராண்டாவுல உக்காந்து பேசிட்டு இருப்போம், கொசு என் கணுக்காலையே சுத்தி சுத்தி வரும், அவர் பாட்டுக்கு நிம்மதியா இருப்பார்.

அம்மாகிட்ட போன்ல சொன்னா உனக்கு சின்ன வயசுலருந்தே இனிப்பு ரத்தம்டான்றாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் ஓ பாசிட்டிவ்னா அப்படித்தான்னு சொன்னார். இன்னொருத்தர் நேராவே சொல்லிட்டார், உனக்கு வேர்வை ஜாஸ்தி, நல்லா தேய்ச்சு குளின்னு. தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன் நான், நாலு பேர் முன்னாடி அப்படி சொன்னது ரொம்ப வலிச்சுது. கொசு உண்மையிலேயே வேர்வைக்குத்தான் வருதா, எந்த பொருளுக்கு வருது, தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

மதுரைக்காரன்77 எழுதியது:

தம்பி முதல்ல உடம்பை பாத்துக்கங்க. மூணு தடவைன்னா சாதாரணம் இல்ல. எங்க வீட்லயும் இதே கதைதான், நானும் என் தம்பியும் மொட்டை மாடில படுத்தா அவனை மட்டும் பிச்சு எடுக்கும். ஓ குரூப்புன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா வேர்வைன்னா ஆண்டிபாக்டீரியல் சோப்பு போட்டா முடிஞ்சுதே, அதுக்கு மேல என்ன இருக்கு?

பூச்சி_மலர் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த ஆபீஸ்காரர் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. வேர்வை வேற, அழுக்கு வேற. நான் பூச்சியியல் படிச்சவ, கொசு என் பாடம், அதனால இது கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

வேர்வை தோலை விட்டு வெளிய வர்ற நிமிஷத்துல கிட்டத்தட்ட தண்ணியும் உப்பும்தான், கூடவே கொஞ்சம் லாக்டிக் ஆசிட், யூரியா, அம்மோனியா. மோந்து பாத்தா நமக்கே ஒண்ணும் தெரியாது. 1999-ல நெதர்லாந்துல வாகெனிங்கென் பல்கலைக்கழகத்துல பிராக்ஸ், டாக்கென்னு ரெண்டு பேர் மனுஷங்க வேர்வையை சேகரிச்சு அனோபிலிஸ் காம்பியே கொசு முன்னாடி வச்சு பாத்தாங்க. உங்க ஊர் பக்கம் மலேரியா பரப்புற முக்கியமான கொசுக்கள்ல அதுவும் ஒண்ணு. புதுசா எடுத்த வேர்வையை அது கண்டுக்கவே இல்ல, அதே வேர்வையை உடம்பு சூட்டுல கிட்டத்தட்ட ரெண்டு நாள் வச்சிருந்து குடுத்தப்போ தேடி வந்துச்சு. நடுவுல நடந்தது என்னன்னா வேர்வைல இருந்த பாக்டீரியா அதை தின்னு வேற பொருளா மாத்திடுச்சு, அம்மோனியா ஏறிடுச்சு. அதனால கொசுவை கூப்பிடுறது வேர்வை மட்டும் இல்ல, நம்ம தோல்ல குடியிருக்கிற பாக்டீரியாவும் சேந்துதான்.

இந்த பாக்டீரியா எல்லார் தோல்லயும் உண்டு, எத்தனை தடவை குளிச்சாலும் உண்டு, ஆனா எந்த வகை எவ்வளவுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். 2011-ல வெர்ஹுல்ஸ்ட் குழு 48 ஆம்பளைங்களோட காலை வச்சு பாத்தாங்க. யார் தோல்ல பாக்டீரியா எண்ணிக்கை அதிகமா இருந்து வகை கம்மியா இருந்துச்சோ அவங்ககிட்ட கொசு அதிகம் போச்சு, பல வகையும் கலந்து இருந்தவங்ககிட்ட கம்மியா போச்சு. இதுல எங்க சார் சுத்தம் அசுத்தம் வருது?

ரத்த குரூப் விஷயம். 1972-ல நேச்சர் இதழ்ல ஓ குரூப் ஆளுங்களை காம்பியே அதிகம் கடிக்குதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் சொல்றது அதோட வால்தான். 1976-லயே அதே கொசுவை வச்சு திரும்ப பாத்தவங்களுக்கு அந்த சம்பந்தம் கிடைக்கல. இனிப்பு ரத்தம்ங்கிறது நம்ம பாட்டிங்க பாசத்துல சொல்றது, அம்மா சொன்னா சரிம்மான்னுடுங்க. கொசு ரத்தத்தை ருசி பாக்குறது ஊசியை இறக்குனதுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி இருட்டுல அதுக்கு வழி காட்டுறது நம்ம மூச்சும் தோல் வாசனையும்.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

அருமையா சொன்னீங்க மலர் மேடம். நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறவன், ஒரு சின்ன சேர்க்கை. கொசுவை இழுக்கிறது லாக்டிக் ஆசிட்னு 1968-லயே சயின்ஸ் இதழ்ல அக்ரீ குழு நிரூபிச்சாச்சு, மனுஷ தோல்லருந்து பிரிச்சு எடுத்து காமிச்சாங்க. மத்த மிருகத்தை விட நம்ம தோல்ல அது ரொம்ப ஜாஸ்தி. அதனால உழைச்சு வேர்த்தவன்கிட்ட லாக்டிக் ஆசிட் கூடும், கொசு வரும், கணக்கு நேர். இதுக்கு பாக்டீரியா வரைக்கும் போகணுமா?

பூச்சி_மலர் எழுதியது:

//கணக்கு நேர். இதுக்கு பாக்டீரியா வரைக்கும் போகணுமா?//

சார், 1968 வேலை ஏடிஸ் எஜிப்டியை வச்சு பண்ணது, டெங்கு கொசு. மலேரியா கொசுவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. காம்பியேக்கு லாக்டிக் ஆசிட்டை தனியா குடுத்தா பெருசா அசையாது. அம்மோனியா, லாக்டிக் ஆசிட், அதோட கார்பாக்சிலிக் ஆசிட் வகைகள், இது மூணும் ஒண்ணா சேர்ந்தப்போதான் வேகம் எடுத்துச்சு, ஸ்மாலெகாங்கே குழு 2005-ல காட்டினது. சாம்பார் மாதிரி வச்சுக்கங்களேன், தனியா புளித்தண்ணியை குடுத்து இதுதான் சாம்பார்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, பெருங்காயம் வெந்தயம் எல்லாம் சேந்து ஒரு மணம் வந்தாதான் பக்கத்து வீடு வரைக்கும் தெரியும்.

கார்பாக்சிலிக் ஆசிட் எங்கிருந்து வருதுன்னு நீங்களே சொல்லிக்குடுக்கலாம் சார், உங்க பாடம்தானே.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

ஒத்துக்கறேன் மேடம், ஏடிஸ்ங்கிறதை நான் கவனிக்கல. தெரிஞ்சதை சொல்றேன். தோல்ல எண்ணெய் சுரப்பி இருக்குல்ல, அதுல வர்ற கொழுப்பை பாக்டீரியா உடைச்சா நீளமான கார்பாக்சிலிக் ஆசிட் வரும், மெழுகு மாதிரி, சீக்கிரம் ஆவியாகாது, தோல்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். வேர்வைல இருக்கிற அமினோ ஆசிட்டை உடைச்சா குட்டை ஆசிட் வரும், உதாரணத்துக்கு லூசின்லருந்து ஐசோவலேரிக் ஆசிட், ஷூ கழட்டின உடனே வர்ற வாடை அதுதான். பழைய வெண்ணெய் வாடை ப்யூட்டிரிக் ஆசிட். குட்டையானது காத்துல தூரம் போகும், நீளமானது கிட்ட வந்தாதான் தெரியும். இது கொசுவுக்கு ரொம்ப சௌகரியம்தான், தூரத்துலருந்து ஒண்ணு, கிட்ட வந்ததும் ஒண்ணு.

கிசுமு_கணக்குப்பிள்ளை எழுதியது:

மலர் மேடம் மனசு லேசாச்சு, நிஜமா. அந்த ஆள் சொன்னதுலருந்து ஆபீஸ்ல ஒதுங்கி உக்காந்துட்டு இருந்தேன். ஷூ வாடைன்னு வாத்தியார் சார் சொன்னதும் கேக்கணும்னு தோணுச்சு, என்னை எப்பவும் கணுக்கால் பாதம் இங்கதான் கடிக்குது, கை முகம் எல்லாம் ரொம்ப அபூர்வம். அது ஏன்?

பூச்சி_மலர் எழுதியது:

இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. அதே வாகெனிங்கென்ல பார்ட் நோல்ஸ், டி யோங் ரெண்டு பேரும் 1990-கள்ல ஒரு ஆளை உக்கார வச்சு எந்த கொசு எங்க கடிக்குதுன்னு எண்ணிப் பாத்தாங்க. ஐரோப்பாவோட மலேரியா கொசு அட்ரோபார்வஸ் முகத்துக்கு போச்சு, ஏன்னா மூச்சு. காம்பியே பாதத்துக்கும் கணுக்காலுக்கும் போச்சு. காலை கிருமிநாசினி சோப்பு போட்டு கழுவினப்போ காம்பியே கடிக்கிற இடம் மாறிடுச்சு. அப்புறம் நோல்ஸ் லிம்பர்கர் சீஸ்னு ஒரு சீஸை வச்சு பாத்தார், கால் நாத்தம் அடிக்கும் அது, அதை பழுக்க வைக்கிற பிரெவிபாக்டீரியமும் நம்ம கால் விரல் இடுக்குல இருக்கிற பிரெவிபாக்டீரியமும் பங்காளிங்க. கொசு அந்த சீஸுக்கு வந்துச்சு. 2006-ல அவருக்கு இக் நோபல் பரிசு குடுத்தாங்க, கேட்டா சிரிப்பு வரும் ஆனா யோசிக்க வைக்கும்ங்கிற ஆராய்ச்சிக்கு குடுக்கிறது. என்னைப் பொறுத்தவரைக்கும் அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, கொசுவை மனுஷன் இல்லாமலே ஏமாத்த முடியும்னு அன்னைக்குதான் தெளிவா தெரிஞ்சுது.

ஆனா மதுரை அண்ணா, சோப்பு போட்டா முடிஞ்சுதுன்னு இதை வச்சு சொல்லிடாதீங்க. இடம் மாறுச்சு, கடி நிக்கல. தோல் பாக்டீரியா கொஞ்ச நேரத்துலயே திரும்ப வளர்ந்துடும்.

இன்னொரு விஷயமும் நேர்மையா சொல்லணும். 1998-ல டெக்கர் குழு ஆளை தரையில மல்லாக்க படுக்க வச்சு காலை மேல தூக்கச் சொன்னாங்க. அப்போ கொசு பாதத்தை விட்டுட்டு தரையை ஒட்டின உடம்பு பகுதியை கடிச்சுது. அதாவது பாத நாத்தம் மட்டும் கணக்கு இல்ல, காம்பியே தாழ்வா பறந்து வரும், உடம்பை சுத்தி சூடான காத்து கீழருந்து மேல எழும்புறதுல கீழ்ப்பக்கமா நுழையும். வாசனையும் உயரமும் சேந்துதான் வேலை செய்யுது.

அதனால உங்ககிட்ட ஒரு கேள்வி சார். அந்த திருநெல்வேலிக்காரர் வராண்டாவுல எப்படி உக்காருவார்? என்ன போட்டிருப்பார்?

கிசுமு_கணக்குப்பிள்ளை எழுதியது:

மேடம் இதை படிச்சதும் எந்திரிச்சு போய் அவரை பாத்துட்டு வந்தேன். நாலு வருஷமா பக்கத்துல உக்காந்தும் நான் இதை கவனிச்சதே இல்ல. அவருக்கு குதிகால் வெடிப்பு ரொம்ப அதிகம், வாசலின் தடவி சாக்ஸ் போட்டுக்கிட்டுதான் இருப்பார், தூங்கும்போது கூட. அதுக்கு மேல பிரம்பு நாற்காலி மேலயே சம்மணம் போட்டு உக்காருவார், அது அவர் பழக்கம். நான் அரை டவுசர், காலை தொங்கப் போட்டு உக்காருவேன். ஏழு மணிலருந்து பத்து மணி வரைக்கும்.

மதுரைக்காரன்77 எழுதியது:

அட தம்பி, பாதி விடை அங்கயே இருக்கே! சம்மணம் போட்டு உக்கார சொல்லி எங்க ஐயா சும்மா சொல்லல போல. ஆனா மலர்ம்மா, அப்படின்னா ஆளுக்கு ஆள் வித்தியாசம்ங்கிறதே கிடையாதா? எல்லாம் டவுசரும் சாக்ஸும்தானா? என் தம்பி கதைக்கு இது ஒத்து வரலையே, ரெண்டு பேரும் கைலிதான், ரெண்டு பேரும் பாய்லதான்.

பூச்சி_மலர் எழுதியது:

இருக்கு அண்ணா, நிச்சயமா இருக்கு. டவுசர் ஒரு பாதி, தோல் ஒரு பாதி.

2022-ல நியூயார்க்ல ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துல லெஸ்லி வோஸ்ஹால் லேப்ல 64 பேருக்கு முழங்கைக்கு கீழ நைலான் ஸ்டாக்கிங் மாட்டிவிட்டு ஆறு மணி நேரம் கழிச்சு அதை வெட்டி ரெண்டு ரெண்டா கொசு முன்னாடி போட்டி வச்சாங்க. 33-ம் நம்பர் ஆளோட துணிக்கு போன கொசுவையும் 19-ம் நம்பர் ஆளோட துணிக்கு போனதையும் ஒப்பிட்டா நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். வருஷக்கணக்குல திரும்பத் திரும்ப பாத்தும் அந்த வரிசை பெருசா மாறல. கொசுவுக்கு பிடிச்சவங்க தோல்ல கார்பாக்சிலிக் ஆசிட் அதிகம், அதான் வித்தியாசம். இது ஏடிஸ், வாத்தியார் சார் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

மலேரியா கொசுவுக்கு இதே கேள்வியை 2023-ல சாம்பியாவுல மாச்சாங்கிற ஊர்ல கேட்டாங்க, அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல இருக்கிற மெக்மெனிமன் குழுவும் அங்க இருக்கிற மாச்சா ஆராய்ச்சி நிலையமும் சேந்து. திறந்த வெளியில 20 மீட்டருக்கு 20 மீட்டர் பெரிய வலைக்கூண்டு, அதை சுத்தி ஆறு கூடாரம், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் தூங்குவார், அவர் மேல பட்ட காத்தை நீளமான குழாய் வழியா கூண்டுக்குள்ள கொண்டு வந்து உடம்பு சூடு வச்ச, 35 டிகிரி, ஒரு தட்டு மேல விட்டாங்க. ராத்திரிக்கு 200 கொசு, பசியோட. ஆளும் தெரியாது, தொடவும் முடியாது, வாசனை மட்டும்தான். அப்படியும் கொசு ஆளுக்கு ஆள் பிரிச்சு பாத்துச்சு. சூடு மட்டும் வச்சா பெருசா இறங்கல, கார்பன் டை ஆக்சைடு சேத்தா வந்துச்சு, மனுஷ வாசனை சேத்தப்போதான் கூட்டமா இறங்குச்சு. அதிகம் இழுத்தவங்க வாசனைல ப்யூட்டிரிக், ஐசோவலேரிக் மாதிரி ஆசிட் அதிகம். ஒருத்தரை மட்டும் கொசு ரொம்ப கம்மியா நாடுச்சு, அவர் வாசனைல ஆசிட் கம்மி, யூகலிப்டால் அதிகம், அனேகமா அவர் சாப்பிட்ட மூலிகை கலந்த ஏதோ சாப்பாட்டுலருந்து வந்திருக்கலாம்னு எழுதியிருக்காங்க.

உங்க தம்பிக்கு என்னன்னா, இரட்டையரை வச்சு 2015-ல லண்டன்ல பண்ண ஆய்வுல ஒரே கரு இரட்டையர் ரெண்டு பேரையும் கொசு கிட்டத்தட்ட ஒரே அளவு நாடுச்சு, வேற வேற கரு இரட்டையர்ல வித்தியாசம் அதிகம். இதுவும் ஏடிஸ்தான். பிறப்புலயே வர்ற பங்கு ஒண்ணு உண்டு, கூடப்பிறந்தவங்களுக்குள்ள அது மாறலாம்.

மதுரைக்காரன்77 எழுதியது:

//யூகலிப்டால் அதிகம்//

அப்படின்னா நீலகிரி தைலத்தை தடவிட்டா போச்சு!

பூச்சி_மலர் எழுதியது:

வேண்டாம் அண்ணா, மலேரியா ஊர்ல இருக்கிறவருக்கு இதை யாரும் சொல்லிடாதீங்க. அது ஒரே ஒருத்தர்கிட்ட பாத்தது, தைலம் தடவி சோதிச்சது இல்ல. தைலம் சட்டுன்னு பறந்துடும், ராத்திரி ரெண்டு மணிக்கு கொசு வரும்போது தோல்ல ஒண்ணும் இருக்காது. தடவணும்னா கொசு விரட்டி மருந்தான டீட், இல்லன்னா இகாரிடின் இருக்கிறதை தடவுங்க. டீட் பத்தி 2019-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லயே வேற ஒரு லேப்ல ஆச்சரியமா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, அனோபிலிஸுக்கு டீட்டோட வாசனையே தெரியறதில்ல, ஆனா டீட் நம்ம தோல் வாசனையோட கலந்து அதை காத்துல எழும்ப விடாம அமுக்கி வச்சிருது. கொசுவை பொறுத்தவரைக்கும் நாம அங்க இல்ல.

நர்ஸ்_செல்வி எழுதியது:

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கிறவ, இந்த இழையில எழுதாம இருக்க முடியல. நான் தான்சானியாவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில ஆறு வருஷம் இருந்தேன். மழைக்காலம் முடிஞ்சா குழந்தைங்க வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு குழந்தை படுத்திருக்கும். 2023-ல மட்டும் உலகத்துல கிட்டத்தட்ட 5,97,000 பேர் மலேரியாவுல செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, நூத்துல தொண்ணூத்தஞ்சு ஆப்பிரிக்காவுல, அதுல நாலுல மூணு அஞ்சு வயசு கூட ஆகாத பிள்ளைங்க. எனக்கு அது நம்பரா தெரியாது, முகம் முகமா தெரியும்.

கர்ப்பிணிங்களை கொசு அதிகம் கடிக்குதுன்னு அங்க எல்லாரும் சொல்வோம், அது உண்மைன்னு பிறகு படிச்சேன். 2000-ல காம்பியா நாட்டுல பண்ண ஆய்வு, கர்ப்பிணிங்க கிட்ட ரெண்டு மடங்கு கொசு வந்திருக்கு. மூச்சு 21 சதவீதம் அதிகமா விடுறாங்க, வயித்துப் பக்கம் சூடு 0.7 டிகிரி அதிகம், சூடு கூடினா தோல்லருந்து வாசனையும் கூட கிளம்பும். அதோட ராத்திரி ஒண்ணுக்கு போக வலையை விட்டு அதிக தடவை வெளிய வர்றாங்க. நான் பாத்த அத்தனை கர்ப்பிணி பொண்ணுங்களும் அப்படித்தான். வலை குடுக்கிறதோட விட்டுடக்கூடாது, வீட்டுக்குள்ளயே ஒரு வாளியோ பாத்திரமோ வச்சுக்கன்னு சொல்லிக்குடுக்கணும்.

மலர் மேடம், காய்ச்சல் வந்த குழந்தையோட உடம்பு வாசனையே மாறுதுன்னு அங்க தாய்மாருங்க சொல்வாங்க. நான் அதை அப்போ காதுல வாங்கல. அது நெஜமா?

பூச்சி_மலர் எழுதியது:

செல்வி அக்கா, அந்த தாய்மாருங்க சொன்னது நெஜம். இந்த இழையில நான் சொல்ல வந்ததுலயே பெரிய விஷயம் இதுதான்.

2005-ல மேற்கு கென்யாவுல, கணக்குப்பிள்ளை சார் இருக்கிற பக்கம்தான், லாக்ருவா குழு மூணு மூணு குழந்தையா கூடாரத்துல தூங்க வச்சாங்க. ஒண்ணுக்கு மலேரியா இல்ல, ஒண்ணுக்கு இருக்கு ஆனா கொசுவுக்கு தொத்தாத நிலை, ஒண்ணுக்கு கொசுவுக்கு தொத்தக்கூடிய நிலை, அதாவது கொசுவுக்குள்ள போய் வளரக்கூடிய கிருமி வடிவமான கேமிட்டோசைட் ரத்தத்துல இருக்கு. மூணாவது குழந்தைகிட்ட ரெண்டு மடங்கு கொசு வந்துச்சு. மருந்து குடுத்து குணமாக்கின பிறகு திரும்ப பாத்தா அந்த வித்தியாசமே போயிடுச்சு! கிருமி தனக்கு வண்டி வேணும்ங்கிறப்போ குழந்தை உடம்பு வழியா கொசுவை கூப்பிடுது. 2018-ல அதே பகுதி குழந்தைங்க காலோட வாசனையை பிரிச்சு பாத்தப்போ கிருமி இருக்கிறவங்ககிட்ட ஹெப்டனால், ஆக்டனால், நோனனால்னு ஆல்டிஹைட் வகை வாசனைப் பொருள் கூடியிருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஸ்வீடன்ல எமாமி குழு மலேரியா கிருமி உண்டாக்குற ஒரு பொருள் பட்டாலே சிவப்பணு கார்பன் டை ஆக்சைடும் ஆல்டிஹைடும் அதிகமா வெளிய விடுதுன்னு காட்டியிருந்தாங்க. 2019-ல காம்பியா நாட்டு குழந்தைங்க ராத்திரி போட்டிருந்த சாக்ஸை இங்கிலாந்துக்கு அனுப்பி நாய்க்கு மோப்பம் பழக்கினாங்க, கிருமி இருந்த சாக்ஸ்ல நூத்துக்கு 70-ஐ நாய் சரியா சொல்லுச்சு, இல்லாததுல 90-ஐ. அந்த பிள்ளைங்கள்ல யாருக்கும் காய்ச்சல் இல்ல அக்கா. ஓடி விளையாடுற பிள்ளைங்க. அதான் பயமா இருக்கு, சும்மா இருக்கிற பிள்ளை மூலமா ஊருக்கே பரவும்.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

படிச்சுட்டு மெய் சிலிர்த்துப் போச்சு. கொசு இதையெல்லாம் எதை வச்சு மோந்து பாக்குது மேடம்? ஒரு பூச்சியோட கொம்புல இத்தனை பொருளை பிரிச்சறிய முடியுமா? பசங்களுக்கு சொல்லணும்.

பூச்சி_மலர் எழுதியது:

சார், பொம்பளை கொசுதான் கடிக்கும்னு பசங்களுக்கு தெரியும், முட்டைக்கு ரத்தம் வேணும். கொம்புல மயிர் மாதிரி இருக்கிற ஒவ்வொண்ணுக்குள்ளயும் மோப்ப நரம்பு இருக்கு, நரம்பு முனையில வாசனையைப் பிடிக்கிற ரிசெப்டர்ங்கிற புரதம். காம்பியேவோட ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, 2002-ல வந்தப்போ 79 மோப்ப ரிசெப்டர் ஜீன் இருக்குன்னு தெரிஞ்சுது. எது எந்த வாசனைக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஜான் கார்ல்சன், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல லாரன்ஸ் ஸ்வீபெல், இவங்க குழு ஒரு வழி பிடிச்சாங்க. பழ ஈயோட கொம்புல ஒரு நரம்புல அதோட சொந்த ரிசெப்டர் இல்லாம காலியா இருக்கிற ரகம் ஒண்ணு உண்டு, அந்த காலி நரம்புல கொசுவோட ரிசெப்டரை வச்சு வாசனையை காட்டி மின்சார துடிப்பை அளந்தாங்க. முதல்ல 2004-ல, பொம்பளை கொசுகிட்ட மட்டும் இருக்கிற ஒரு ரிசெப்டர் 4-மெத்தில்ஃபீனாலுக்கு துடிச்சுது. அது மனுஷ வேர்வைல இருக்கிற பொருள். ரத்தம் குடிச்சு 12 மணி நேரத்துல அந்த ரிசெப்டரோட அளவு குறைஞ்சிடும்னு முன்னாடியே பாத்திருந்தாங்க, வயிறு நிறைஞ்சா மோப்பம் எதுக்கு. 2010-ல 50 ரிசெப்டரை 110 வாசனைப் பொருளுக்கு இதே மாதிரி சோதிச்சு பட்டியல் போட்டாங்க. ஆசிட்டுக்கும் அம்மோனியாவுக்கும் வேற குடும்ப ரிசெப்டர், கார்பன் டை ஆக்சைடுக்கு கொம்புல இல்ல, வாய் பக்கத்துல இருக்கிற குட்டி உறுப்புல.

ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வேலை செய்யும், அதான் இதுல கஷ்டம். வோஸ்ஹால் லேப்ல ரிசெப்டர் குடும்பத்தையே முடக்கின கொசு கூட 33-ம் ஆளையும் 19-ம் ஆளையும் பிரிச்சு கண்டுபிடிச்சுது.

மன்னார்_தம்பி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மன்னார். எங்கட பக்கம் கொசுவ நுளம்பு எண்டுதான் சொல்லுறது. 1963ல முழு இலங்கையிலயும் 17 பேருக்குத்தான் மலேரியா எண்டு வந்தது, பிறகு மருந்தடிக்கிறத நிப்பாட்ட 1969ல அஞ்சு லட்சத்தத் தாண்டிட்டுது எண்டு எங்கட அம்மம்மா காலத்து ஆக்கள் இப்பவும் கதைப்பினம். 2016ல மலேரியா இல்லாத நாடு எண்டு அறிவிச்சாங்கள், அந்த வருசக் கடைசியிலயே மன்னாரில ஸ்டீபென்சி எண்ட புது இனம் பிடிபட்டது. நோய் இல்ல, நுளம்பு இருக்கு. இந்த வேர்வை மணத்த வச்சு பொறி செய்து நுளம்ப பிடிக்கேலாதா?

பூச்சி_மலர் எழுதியது:

தம்பி, செஞ்சு பாத்திருக்காங்க, கிசுமுலருந்து ரொம்ப தூரம் கூட இல்ல, விக்டோரியா ஏரியில ருசிங்கா தீவு. அம்மோனியா, லாக்டிக் ஆசிட், டெட்ராடெக்கனாயிக் ஆசிட் கூட இன்னும் ரெண்டு பொருள் சேத்து மனுஷ வாசனை மாதிரி ஒரு கலவை, அதை நைலான் துணியில ஊற வச்சு, விசிறி வச்ச பொறில போட்டு, ஓடுறதுக்கு சோலார் பேனல், அதே பேனல்ல வீட்டுக்கு லைட்டும் போன் சார்ஜும். தீவு முழுக்க வீடு வீடா மாட்டினாங்க. 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு, பொறி இருந்த வீடுகள்ல மலேரியா 29.8 சதவீதம் கம்மி, அங்க மலேரியா பரப்புற இன்னொரு கொசுவான அனோபிலிஸ் ஃபுனெஸ்டஸ் 69.2 சதவீதம் கம்மி. தான்சானியாவுல இஃபகாரால ஃபிரெட்ரோஸ் ஒகுமு குழுவோட செயற்கை கலவை தூரத்துலருந்து மனுஷனை விடவே அதிகமா கொசுவை இழுத்துச்சு, ஆனா கிட்ட வந்ததும் மனுஷன்தான் ஜெயிச்சான்.

ஆனா உங்க ஊருக்கு அப்படியே வராது. காம்பியேக்கு மனுஷன்தான் உயிர், அதனால மனுஷ வாசனைப் பொறி பலிக்கும். இலங்கையில முன்னாடி மலேரியா பரப்பின குலிசிஃபேசிஸ் மாட்டைத்தான் அதிகம் நாடும். ஸ்டீபென்சி மாடு மனுஷன் எது கிடைச்சாலும். அதுக்கு கிணறு, தண்ணித்தொட்டில குடம்பியை, அதாவது கொசுப்புழுவை, தேடி அழிக்கிறதுதான் உருப்படியான வழி, சென்னையிலயும் மாடித் தொட்டில வளர்றது அதேதான்.

மன்னார்_தம்பி எழுதியது:

விளங்குது அக்கா. எங்கட கிணறுகளுக்கதான் குடம்பி பிடிச்சவங்கள். மெத்தப் பெரிய நன்றி.

கிசுமு_கணக்குப்பிள்ளை எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். சாயங்காலம் முழு பேண்ட், சாக்ஸ், டீட், ஏழு மணிக்கு மேல வராண்டா இல்ல. வலையை எடுத்துப் பாத்தா கால் பக்கம் கட்டை விரல் நுழையிற அளவுக்கு ரெண்டு ஓட்டை, நான் இத்தனை நாள் காலை வலையோட ஒட்டி வச்சுக்கிட்டு தூங்கியிருக்கேன். தைச்சுட்டேன், புது வலைக்கும் சொல்லியிருக்கேன்.

முக்கியமா சொல்ல வந்தது வேற. செல்வி அக்காவும் மலர் மேடமும் குழந்தைங்களை பத்தி எழுதினதை படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. எங்க காம்பவுண்ட் வாட்ச்மேனுக்கு நாலு வயசுல ஒரு பாப்பா, சாயங்காலம் எங்க வராண்டாவுலதான் விளையாடும், என் காலடியில உக்காந்து படம் வரையும். காய்ச்சல் எதுவும் இல்ல, நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அவர்கிட்ட பேசி நேத்து டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனோம், விரல்ல குத்தி எடுத்தாங்க, பாசிட்டிவ். அதோட அண்ணனுக்கும் பாசிட்டிவ். மாத்திரை குடுத்திருக்காங்க, ஆர்ட்டிமீத்தர் லூமிஃபான்ட்ரின், தண்ணியில கரையிறது. குடுக்கிறப்போ எதாவது கவனிக்கணுமா அக்கா?

நர்ஸ்_செல்வி எழுதியது:

தம்பி நல்ல காரியம் பண்ணீங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கும் மூணு நாள், மொத்தம் ஆறு வேளை. முதல் மாத்திரை குடுத்ததுலருந்து எட்டு மணி நேரத்துல ரெண்டாவது, அப்புறம் காலையும் ராத்திரியும். பாலோ எண்ணெய் சேத்த சாப்பாடோ கூட குடுக்கணும், கொழுப்பு இல்லாட்டி மருந்து உடம்புல சரியா ஏறாது. அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அந்த வேளை மருந்தை திரும்ப குடுக்கச் சொல்லுவோம், அப்படி ஆனா மாத்திரை குறையும், உடனே கிளினிக்ல கூடுதலா வாங்கிக்கங்க. நாளைக்கே பாப்பா துள்ளி ஓடும், அதைப் பாத்துட்டு அம்மா மிச்ச மாத்திரையை எடுத்து வச்சிடுவாங்க, நான் நூறு தடவை பாத்திருக்கேன். ஆறாவது வேளையை நீங்களே கிட்ட இருந்து குடுத்துட்டு வாங்க.